லாரி எத்தனை மணிக்கு வரும்?

எங்கள் பகுதியில் வரப்போகும் ஒரு பெரிய கடையைப் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மேடையில் இருந்தவர்கள் காகிதங்களை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் இருந்து ஒரு வயதான அம்மா எழுந்தார். எங்கள் தெருவின் முனை வீட்டில் இருப்பவர். கையில் மைக் கொடுத்தும் அதைப் பிடிக்காமல், உரக்கவே கேட்டார்.

"ஒரு நாளைக்கு இருபது லாரிக்கு மேல வராதுன்னு சொல்றீங்க. சரிங்க. எத்தனை மணிக்கு வரும்?"

போக்குவரத்து ஆலோசகர் அறிக்கையைப் புரட்டினார். முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. பிறகு, "சராசரியாத்தான் போட்டிருக்கோம்மா" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. "சராசரியா எங்க வீட்டு முனையில திரும்பப் போகுது? லாரிதானே திரும்பும்?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அன்று மாலை முழுக்கப் பேசியவற்றில் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் ஒரு பெரிய கடை வரப்போகிறது. கடை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டி ஓட்ட முடியாத பெரியவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் எல்லாம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. வேலைவாய்ப்பும் வரும். என் கவலை கடையின் முன்வாசலைப் பற்றியது இல்லை, பின்வாசலைப் பற்றியது. வரைபடத்தில் முன்வாசலுக்கு மரம், பெஞ்சு, சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாம் வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். பின்வாசல் ஒரு சாம்பல் நிறச் செவ்வகம். அந்தச் செவ்வகத்துக்குள் ஒரு அம்புக்குறி போகிறது. அந்த அம்புக்குறி எங்கள் தெரு வழியாக வருகிறது.

இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. முன்பு நான்கு வருடம் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பெரிய கடையின் சரக்கு இறக்கும் முற்றம். வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அமைதியாக இருந்தது. முதல் நாள் விடியற்காலையில்தான் தெரிந்தது. முதலில் ஏர் பிரேக்கின் "ஸ்ஸ்ஸ்". பிறகு ரிவர்ஸ் ஹாரன், ஒரே சுருதியில் கீ, கீ, கீ என்று. பிறகு லாரியின் பின்பக்கத் தூக்குப் பலகை கீழே இறங்கித் தரையில் "டங்" என்று இடிக்கும். அதன்மேல் சக்கரம் வைத்த கம்பிக்கூண்டுகளைத் தள்ளுவார்கள். இரும்புப் பலகையில் இருந்து சிமெண்ட் தரைக்கு இறங்கும்போது ஒவ்வொரு கூண்டும் ஒரு முறை குதிக்கும். கூண்டு காலியாகத் திரும்பும்போதுதான் சத்தம் இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளே எடை இல்லை, கம்பி முழுக்க அதிரும். எத்தனை கூண்டு என்று தூக்கத்திலேயே எண்ணக் கற்றுக்கொண்டேன்.

புகார் எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாகவே. அளந்து பார்த்தோம், இரவு முழுவதற்குமான சராசரி ஒலி அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார்கள். அளந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இத்தனை வருடமாக உறுத்துகிற விஷயம். உண்மையைச் சொல்லியே ஒருவருடைய தூக்கத்தை இல்லை என்று ஆக்கிவிட முடிகிறது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே 80 டெசிபல் அளவில் ஒரு "டங்", ஒரே ஒரு நொடி. ஆழ்ந்து தூங்குகிறவரையும் எழுப்பக்கூடிய சத்தம். இரவு எட்டு மணி நேரம் என்றால் 28,800 நொடி. மற்ற நேரமெல்லாம் முழு அமைதி என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரு நொடியின் ஒலி ஆற்றலை இரவு முழுவதற்கும் பரப்பினால் கிடைப்பது சுமார் 35 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட இரவு ஒலி வழிகாட்டுதலில், வீட்டுக்கு வெளியே இரவுச் சராசரி 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. ஆக, நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தவர் கணக்குப்படி அமைதியான இரவில்தான் இருக்கிறார். அதே வழிகாட்டுதல் தனித்தனிச் சத்தங்களின் உச்ச அளவைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் அறிக்கை எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சராசரியைத்தான்.

நெதர்லாந்தில் இதைச் சரியாகப் பிடித்தார்கள். 1990-களின் இறுதியில் அங்கே சரக்கு இறக்கும் சத்தத்துக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பெயர் பீக். டச்சு மொழியில் 'உச்சம்' என்றே அர்த்தம். லாரியிலிருந்து ஏழரை மீட்டர் தூரத்தில், இரவு 7 முதல் 11 வரை உச்ச ஒலி 65 டெசிபல், 11 முதல் காலை 7 வரை 60 டெசிபல். சராசரி இல்லை, உச்சம். இந்த அளவுக்குள் வரவேண்டும் என்றால் தூக்குப் பலகையில் சத்தத்தை அடக்கும் பூச்சு வேண்டும், கூண்டுக்கு மெத்தென்ற சக்கரம் வேண்டும், ரிவர்ஸ் ஹாரனுக்குப் பதிலாகக் காற்று இரைவது போன்ற அகன்ற அலைவரிசை எச்சரிக்கை ஒலி வேண்டும் (அது லாரிக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், நாலு வீடு தள்ளி அவ்வளவாகக் கேட்காது). இவற்றில் ஒன்றுகூட விண்வெளி விஞ்ஞானமில்லை. எங்கள் ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்த முற்றத்தில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டிருந்தாலே பாதிச் சத்தம் போயிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். அறிக்கையை நான் வாங்கி வந்து மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். நீங்களும் உங்கள் பகுதியில் இப்படி ஒன்று வந்தால் வாங்கிப் படியுங்கள். பயமுறுத்துகிற கனத்தில் இருக்கும். ஆனால் முக்கால்வாசி அட்டவணைதான். பொருள் இருப்பது பத்துப் பதினைந்து பக்கத்தில்.

முதலில் பார்க்க வேண்டியது, அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்பது. "இருபது லாரி" என்றால் இருபது முறை லாரி உங்கள் வீட்டைக் கடக்கும் என்று அர்த்தமில்லை. வந்த லாரி திரும்பிப் போகவும் வேண்டும். நாற்பது. அடுத்து, யாருடைய லாரி? எங்கள் அறிக்கையில் அந்த இருபதும் கடையின் சொந்தக் கிடங்கிலிருந்து வருபவை மட்டும். பெரிய கடைக்குச் சரக்கு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சில பொருட்களை உற்பத்தியாளரே நேராகக் கொண்டுவந்து இறக்குவார். குப்பை எடுக்கும் கனரக வண்டி தனி. அட்டைப்பெட்டிகளை அழுத்திக் கட்டி எடுத்துப்போகிற வண்டி தனி. இணையத்தில் வாங்கியவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகிற வேன்கள் தனி. இவை எதுவும் அந்த இருபதில் இல்லை. ஓர் அடிக்குறிப்பில் "இதர வாகனங்கள் குறைந்த எண்ணிக்கையில்" என்று இருந்தது. அந்த அடிக்குறிப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எதிர் வீட்டில் கல்லூரியில் படிக்கிற பெண்.

அடுத்தது, எண் எங்கிருந்து வந்தது என்பது. ஒரு கடை எத்தனை வண்டிகளை இழுக்கும் என்று கணிக்க, உலகின் பல இடங்களில் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தின் கையேட்டையோ அதைப் போன்ற தரவுத் தொகுப்பையோ பயன்படுத்துகிறார்கள். இருக்கிற கடைகளின் வாசலில் எண்ணிப் பார்த்து, கடையின் பரப்பளவோடு பொருத்தி ஒரு விகிதம் எடுப்பார்கள். முறை தவறு என்று சொல்ல மாட்டேன். வேறு எப்படித்தான் கணிப்பது? ஆனால் அந்த விகிதத்தின் மேல் வைக்கிற நம்பிக்கை வேறு விஷயம். லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியராக இருந்த டொனால்டு ஷூப் இதைத்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையேட்டின் 1987 பதிப்பில், காரில் உட்கார்ந்தபடியே வாங்கிப் போகும் துரித உணவகத்துக்கு ஆயிரம் சதுர அடிக்கு நாளொன்றுக்கு 632.125 பயணங்கள் என்று இருந்தது. ஒரு சில உணவகங்களில் மட்டும் எண்ணி எடுத்த எண்ணுக்கு மூன்று தசம இலக்கம் எதற்கு என்று கேட்டார். அதில் உள்ள புள்ளிகளைப் பார்த்தால் கட்டடத்தின் அளவுக்கும் பயணங்களுக்கும் தொடர்பே தெரியவில்லை என்றும் காட்டினார். எண்ணுக்குப் பின்னால் தசமப்புள்ளி இருந்தால் நமக்குக் கேள்வி கேட்கக் கூச்சமாகிவிடுகிறது. கூச்சப்படத் தேவையில்லை. எத்தனை கடைகளில் எண்ணினீர்கள், எந்த மாதத்தில் எண்ணினீர்கள், அந்தக் கடைகள் நெடுஞ்சாலை ஓரத்திலா குடியிருப்புக்குள்ளேயா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும்.

சாலை சந்திப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் கொடுக்கும் பழக்கமும் இந்த அறிக்கைகளில் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 1965 பதிப்பில் இருந்து வருகிற பழக்கம். காரில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுதான் அதன் அடிப்படை. லாரியை இரண்டோ அதற்கு மேலோ கார்களாக மாற்றிக் கூட்டிவிடுவார்கள். நெரிசலைக் கணிக்க அது சரி. ஆனால் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பவருக்கு ஒரு லாரி என்பது மூன்று கார் இல்லை. நடந்து போகிறவர் அந்த அட்டவணையில் எங்கேயும் காத்திருப்பதாகவே இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2013-இல் சட்டம் போட்டு, சுற்றுச்சூழல் ஆய்வில் இந்த மதிப்பெண்ணை அளவுகோலாக வைப்பதையே கைவிட்டது. 2020 ஜூலை முதல், மொத்தத்தில் எத்தனை மைல் வண்டி ஓடும் என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

இனி அந்த முனை. அந்த அம்மாவின் வீட்டு முனை.

கூட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை நானும் எதிர் வீட்டுப் பெண்ணும் அளவு நாடா எடுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தெருவின் அகலம் ஐந்தரை மீட்டர். முனையில் நடைபாதை ஓரக்கல் ஏற்கெனவே உடைந்திருந்தது. குனிந்து பார்த்தால் கல்லின் மேல் விளிம்பில் கறுப்பாக ரப்பர் தீற்றல். தண்ணீர் ஊற்றித் துடைத்தாலும் போகாத கறுப்பு. கல்லுக்கு உள்பக்கம், நடைபாதையின் மேலேயே, ஒரு பள்ளம். இப்போது எப்போதாவது வருகிற குப்பை லாரி ஒன்றின் பின் சக்கரம் அங்கே ஏறி இறங்குகிறது. நடைபாதையில்தான் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

நீளமான லாரி திரும்பும்போது முன் சக்கரம் போகிற தடத்தில் பின் சக்கரம் போவதில்லை. உள்பக்கமாக வெட்டும். லாரியின் நீளம் கூடக்கூட இன்னும் அதிகம் வெட்டும். ஓட்டுநர்களுக்கு இது மூச்சு விடுவது போல் தெரிந்த விஷயம். வரைபடம் போடுகிறவர்களுக்கும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதை எண்ணில் சொல்கிறது. பதினாறரை மீட்டர் நீளமுள்ள இணைப்பு லாரி (முன்வண்டியோடு நீளமான பெட்டியைக் கோத்து இழுப்பது), வெளி ஆரம் 12.5 மீட்டர், உள் ஆரம் 5.3 மீட்டர் உள்ள வளையத்துக்குள் திரும்ப முடிய வேண்டும். கழித்துப் பாருங்கள், 7.2 மீட்டர். நேராகப் போகும்போது 2.55 மீட்டர் அகலம் உள்ள அதே லாரி, திரும்பும்போது 7.2 மீட்டர் அகலத்தை அடைத்துக்கொள்ளலாம். எங்கள் தெரு ஐந்தரை. மீதி எங்கிருந்து வரும்? நடைபாதையிலிருந்துதான்.

அறிக்கையின் பின்னிணைப்பில் லாரி திரும்பும் தடத்தை வரைந்து காட்டியிருந்தார்கள். கோடு கச்சிதமாகத் திரும்பியது. அந்தப் பெண்தான் கேட்டாள், "இதுல ஓரமா ஒரு வண்டிகூட நிக்கலையே?" வரைபடத்தில் தெரு காலியாக இருந்தது. எங்கள் தெருவில் என்றைக்கும் இரண்டு பக்கமும் வண்டி நிற்கும். இன்னொன்று, தடம் வரைந்தது பத்து மீட்டர் நீளமுள்ள லாரிக்கு. கடையின் விளக்கப் பக்கத்தில் படம் போட்டிருந்தது இணைப்பு லாரிக்கு. இரண்டும் வேறு வேறு பக்கங்களில் இருந்ததால் அருகருகே வைத்துப் பார்க்கும்வரை தெரியவில்லை.

இந்த வெட்டும் பக்கத்தில்தான் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத இடமும் இருக்கிறது. லண்டனில் போக்குவரத்து நிர்வாகம் கணக்கெடுத்தது. 2015 முதல் 2017 வரை சைக்கிளில் போனவர்கள் இறந்த விபத்துகளில் 63 சதவீதத்தில் கனரக லாரி சம்பந்தப்பட்டிருந்தது. நகரில் ஓடிய மொத்தத் தூரத்தில் லாரிகளின் பங்கு 4 சதவீதம்தான். அதன் பிறகுதான், ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்று லாரிகளுக்கு நட்சத்திர மதிப்பு கொடுத்து, 2021 மார்ச் முதல் தகுதி இல்லாத லாரியை நகருக்குள் விடுவதில்லை என்று நடைமுறைப்படுத்தினார்கள். 4 சதவீதம், 63 சதவீதம். "லாரிகளின் எண்ணிக்கை மொத்தப் போக்குவரத்தில் மிகச் சொற்பம்" என்று எங்கள் அறிக்கையில் நான்கு இடத்தில் எழுதியிருந்தது.

சாலையின் கதையும் இதேதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு சோதனை நடந்தது. சோதனைக்கென்றே சாலை வளையங்கள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து இரவு பகலாக லாரி ஓட்டினார்கள். சாலை எப்போது உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதிலிருந்து வந்ததுதான் பொறியாளர்கள் இன்றும் சொல்லும் நான்காம் அடுக்கு விதி. சக்கர அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு இல்லை, சுமார் பதினாறு மடங்கு. ஒரு டன் அச்சுக்கும் பத்து டன் அச்சுக்கும் வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. தோராயமான விதிதான், சாலையின் வகையைப் பொறுத்து மாறும். ஆனாலும் ஒன்று தெளிவு. சாலையை உடைப்பது எண்ணிக்கையில் அதிகமான கார்கள் இல்லை, எண்ணிக்கையில் "சொற்பமான" லாரிகள்தான். எங்கள் தெரு வீட்டு வண்டிகளுக்காகப் போட்ட மெல்லிய சாலை. அடியில் குடிநீர்க் குழாய் போகிறது, எவ்வளவு ஆழத்தில் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாலை உடைந்தால் யார் செலவில் போடுவது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "வழக்கமான பராமரிப்பில்" என்று பதில். அதாவது எல்லோர் வரிப்பணத்திலும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தேடினால் புத்தகத்தில் கிடைக்கும். எந்த அறிக்கையிலும் நான் பார்க்காத ஒன்று இருக்கிறது. லாரி எங்கே காத்திருக்கும் என்பது.

பழைய வீட்டில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கோபமாகக் கீழே இறங்கிப் போனேன். ஒரு லாரி எங்கள் வாசலை ஒட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். தூங்கவில்லை, ஸ்டியரிங் மேல் தலை வைத்திருந்தார்.

"இன்ஜினையாவது ஆஃப் பண்ணக்கூடாதா?" என்றேன்.

"இன்ஜின் ஆஃப்லதான் சார் இருக்கு. ஓடறது பின்னாடி குளிர்பதனப் பெட்டியோட மோட்டார். அதை நிறுத்தினா உள்ள இருக்கறது கெட்டுப்போயிடும். என் சம்பளத்துல பிடிப்பாங்க."

"உள்ள போய் நிக்க வேண்டியதுதானே?"

"எனக்கு அஞ்சரைக்குத்தான் நேரம் கொடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி கேட்டைத் திறக்க மாட்டாங்க. பத்து நிமிஷம் லேட்டானாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. அதான் எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடறோம். வேற எங்க சார் போய் நிக்கறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோபம் போன இடத்தில் என்ன வந்தது என்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கழிப்பறைக்குப் போக இடம் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ விடியலில் அவர் லாரி வந்து நின்றிருக்கிறது. சத்தம் குறையவில்லை. ஆனால் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

சிக்கல் இருப்பது அந்த கேட்டில். கடைக்குள் நிற்க இடம் ஒதுக்கினால் அந்த இடத்துக்கு நிலச் செலவு உண்டு. தெருவில் நின்றால் செலவு இல்லை. அதனால் கடையின் முற்றத்தில் செலவழிய வேண்டிய அந்த ஒரு மணி நேரம் எங்கள் ஜன்னலுக்கு வெளியே செலவழிந்தது. நியூயார்க் நகரில் வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட மூன்று நிமிடம்தான் அனுமதி, பள்ளிக்கு அருகில் ஒரு நிமிடம். பொதுமக்களே வீடியோ எடுத்து அனுப்பலாம், அபராதத்தில் கால் பங்கு அனுப்பியவருக்கு. ஓட்டுநரைத் தண்டித்தால் தீரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நிற்பதையும் ஒரு பாதிப்பாக எண்ணுகிறார்களே, அது முக்கியம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. தெற்குக் கலிஃபோர்னியாவின் காற்றுத்தர வாரியம் 2021-இல் ஒரு லட்சம் சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள கிடங்குகளுக்கு விதி கொண்டுவந்தபோது, அங்கே வந்துபோகிற லாரிகளின் புகைக்குக் கிடங்கும் பொறுப்பு என்ற அடிப்படையில்தான் கொண்டுவந்தது. லாரியை அழைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. இதைத்தான் எங்கள் கூட்டத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரவில் இறக்கினால் பகலில் தெரு காலியாக இருக்குமே என்று ஒரு வாதம் வரும். பாதி சரி. நியூயார்க்கில் 2009, 2010 வாக்கில் பேராசிரியர் ஹோல்கின்-வேராஸ் தலைமையில் நேரம் மாற்றி இறக்கும் சோதனை நடந்தது. லாரிகள் வேகமாகப் போய்வந்தன, ஓட்டுநர்களுக்கும் நிம்மதி. ஆனால் எந்தத் தெரு என்பதைப் பார்க்க வேண்டும். இரவில் ஆளில்லாத வணிகத் தெரு வேறு, இரவில்தான் ஆள் வீட்டில் இருக்கிற தெரு வேறு. லண்டனில் 1985 முதலே இரவிலும் வார இறுதியிலும் பெரும் லாரிகள் குடியிருப்புத் தெருக்கள் வழியாகப் போகாமல் குறித்த சாலைகளில்தான் போகவேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு. எங்களுக்கு இரவும் வேண்டாம், பள்ளி விடும் நேரமும் வேண்டாம். மீதி இருக்கும் நேரம் போதாது என்கிறார்கள். போதாது என்றால் அந்த இடம் அந்த அளவு கடைக்குப் போதாது என்றுதானே அர்த்தம்?

எதிர்ப்பு மனுவில் "லாரி வரக்கூடாது" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. கடை என்றால் லாரி வரும். நாங்கள் எழுதியது அனுமதிக்கான நிபந்தனைகளை. காலை ஏழுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் இறக்கக்கூடாது, பள்ளி தொடங்கும், விடும் அரை மணி நேரங்களில் வரக்கூடாது, லாரியின் நீளத்துக்கு உச்சவரம்பு, முற்றத்துக்குள்ளேயே குறைந்தது இரண்டு லாரி காத்திருக்க இடம், குளிர்பதனப் பெட்டிகளுக்கு மின் இணைப்பு, ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை. கடைசியாகச் சொன்னதைப் பார்த்து ஓர் அதிகாரி, "இது உங்க பிரச்சினை இல்லையே" என்றார். எங்கள் பிரச்சினைதான் என்று சொன்னேன்.

நிபந்தனை கிடைத்த பிறகும் தூங்கிவிட முடியாது. கடை திறந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து, "செயல்பாட்டுத் தேவை காரணமாக" நேரத்தைக் காலை ஐந்து என்று மாற்றித் தரும்படி ஒரு சின்ன விண்ணப்பம் போடுவார்கள். ஒரே பக்கம். அதற்குக் கூட்டம் இருக்காது, மேடை இருக்காது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருக்கும். என் பழைய வீட்டு முற்றத்துக்கும் அப்படித்தான் நேரம் நீண்டது என்று பிறகுதான் தெரிந்தது. நான் குடிபோவதற்கு முந்தைய வருடம் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. அதனால் எந்த மாற்றத்துக்கும் தெருவாசிகளுக்கு எழுத்தில் தகவல் தரவேண்டும் என்பதையும் நிபந்தனையாகக் கேட்டிருக்கிறோம். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் போன வாரம் வந்தது. மணிக்கணக்கு அட்டவணை கொடுக்கும்படி ஆலோசகரிடம் கேட்டிருந்தார்கள். இருபத்து நான்கு வரிசை, ஒரே தாள். அதை எடுத்துக்கொண்டு முனை வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து விரல் வைத்து இறங்கினார். நள்ளிரவு, ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் பூஜ்யம். ஐந்திலிருந்து ஆறு வரை என்ற வரிசையில் விரல் நின்றது. இருபதில் ஏழு லாரி அந்த ஒரு மணி நேரத்தில்.

"அஞ்சுக்கு உள்ள போகணும்னா நாலுக்கே இங்க வந்து நிக்கும், இல்லையா?" என்றார். ஓட்டுநர் கதையை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

ஆமாம் என்றேன்.

பேனா கேட்டு வாங்கி, நாலு மணி வரிசையில் இருந்த பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அடுத்த அமர்வு வரும் மாதம். அந்தத் தாளை அவரே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.